நெல்லளவு முனை

சம்பளப் பட்டியலில் அவளுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. தடயவியல் கூடத்தில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. வாசல் காவலாளியில் தொடங்கி பெரிய டாக்டர் வரை எல்லாருக்கும் அவள் ‘அரை மில்லி’தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு தாடை எலும்பின் பிரதியை அளந்துவிட்டு, அரை மில்லிமீட்டர் குறைகிறது, இதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அடம்பிடித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் மெஷின்காரர் பார்த்தபோது பிரதிகளை அச்சடிக்கும் இயந்திரத்தின் தட்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சிரிப்பு நின்றது, பட்டப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் பல்செட் செய்யும் பட்டறையில் இருந்தவள். சந்தேகம் அங்கேதான் அவள் உடம்பில் ஏறியது. மெழுகு சுருங்கும், அச்சு எடுக்கும் மாவு உப்பும், பிளாஸ்டிக் ஆறும்போது இழுத்துக்கொள்ளும். அச்சிலிருந்து வெளியே வரும் எதுவும் கொஞ்சமாவது பொய் சொல்லும் என்பது அவள் கண்ட உண்மை. முதல் தடவையே கச்சிதமாக உட்காரும் பல்செட்டை அவள் பார்த்ததே கிடையாது. அப்படி ஒன்று உட்கார்ந்தால் யாரோ நடுவில் தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் அந்த யாரோ அவளேதான். செட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்று தடவுவாள். ஈறில் குத்துகிற மாதிரி எங்காவது நெருடினால் உப்புத்தாள் தானாகக் கைக்கு வந்துவிடும். இத்தனை வருடத்தில் ஒரு கிழவர்கூட வாய் புண்ணாகிறது என்று திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இருக்கட்டுமே.

வீட்டிலும் அதே கதைதான். குழாய்க்காரர் வேலையை முடித்துக் கிளம்பினால் வாளி வைத்து ஒரு மணி நேரம் பார்த்த பிறகுதான் அவரை வாசல் தாண்ட விடுவாள். அவள் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். புதுக் கண்ணாடி வாங்கி வந்த அன்று, எதிர்ச் சுவர் காலண்டரில் இருந்த பொடி எழுத்தை எல்லாம் ஒப்பிக்கச் சொன்னாள். “கடையில பாத்துட்டுத்தானே குடுத்தாங்க?” என்று அவர் முனகினார். “கடைக்காரன் வேற என்ன சொல்லுவான்?” என்றாள். மனுஷர் காலண்டர் முழுவதையும் படித்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

கூடத்தில் அவள் வேலை இதுதான். கொலை, விபத்து என்று வரும் உடல்களை ஸ்கேன் எடுப்பார்கள். மெல்லிய வெட்டு வெட்டாக வரும் அந்தப் படங்களைக் கணினியில் அடுக்கினால் எலும்பின் உருவம் வரும். அதை இயந்திரத்துக்குக் கொடுத்தால், பிசின் மாதிரியான ஒரு திரவத்தை வரி வரியாக இறுக வைத்து, மண்டையோட்டை அப்படியே செய்துவிடும். உடலை உறவினரிடம் ஒப்படைத்துவிடலாம். நீதிபதி கையில் பிரதி இருக்கும். ஆனால் இயந்திரத்திலிருந்து வரும்போது பிரதி அப்படியே வராது. கீழே சரியாமல் இருக்க அங்கங்கே குச்சி குச்சியாக முட்டுக் கொடுத்திருக்கும். அரை மில்லி அதை ஸ்பிரிட்டில் கழுவி, முட்டுகளை வெட்டி, மிச்சம் நிற்கும் முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, விளக்குப் பெட்டியில் வைத்து இறுக வைத்து, மேலே மெல்லிய வார்னிஷ் ஒரு பூச்சு கொடுப்பாள். பிறகு விதிப்படி ஐந்து இடத்தில் அளப்பாள். நீளம், அகலம், உயரம், கன்ன எலும்புகளின் இடைவெளி, கண்குழியின் அகலம். ‘வேறுபாடு அரை மில்லிமீட்டருக்குள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது சாட்சியாகிவிடும்.

அந்த வருடம் ஒரு மரக்கடை முதலாளி தன் கிடங்கிலேயே மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். முந்தின நாள் அவரோடு வாய்ச்சண்டை போட்ட தச்சரைப் பிடித்தார்கள். அவர் பையில் சுத்தியல் இருந்தது. தச்சர் பையில் சுத்தியல் இல்லாமல் வேறு என்ன இருக்கும்? அதில் ரத்தம் இல்லை, கழுவியிருப்பார் என்றார்கள். உடலை வாங்கிய குடும்பம் எல்லாக் காரியத்தையும் முடித்துவிட்டது. மிச்சம் இருந்தது ஸ்கேனும், அதிலிருந்து வந்த பிரதியும்தான்.

நீதிமன்றத்தில் அரசு வக்கீல் ஒரு கையில் பிரதியையும் மறு கையில் சுத்தியலையும் எடுத்தார். மண்டையோட்டின் பக்கவாட்டில் இருந்த ஓட்டையில் சுத்தியலின் வட்ட முகத்தை வைத்தார். பாத்திரத்தில் மூடி உட்கார்ந்த மாதிரி அது உட்கார்ந்தது. நீதிமன்றத்தில் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். கையெழுத்துப் போட்டவள் என்று சாட்சி சொல்ல வந்திருந்த அரை மில்லி, கூண்டில் நின்ற தச்சரைப் பார்த்தாள். அவர் தன் சுத்தியலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவேளை நான்தான் செய்தேனோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்ட மாதிரி இருந்தது அந்தப் பார்வை. கடைசி பெஞ்சில் அவர் மனைவி குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. அடுத்த வாய்தாவில் வாதம் முடிந்துவிடும், ஆயுள் தண்டனை உறுதி என்று வராந்தாவில் பேசிக்கொண்டார்கள்.

அரை மில்லிக்கு மூக்கு வியர்த்தது. முதல் தடவையே உட்கார்ந்துவிட்டதே.

மறுநாள் காலை பெரிய டாக்டர் அறைக்குப் போனாள்.

“சார், அந்த மரக்கடை மண்டையோட்டுல எனக்கு ஒரு சந்தேகம்.”

“உங்களுக்குச் சந்தேகம் இல்லைன்னு சொன்னாத்தான் எனக்குக் கவலை வரும்” என்றார் அவர், கோப்பிலிருந்து தலை தூக்காமல். “அஞ்சு இடத்துலயும் சரியா இருக்குன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?”

“போட்டேன் சார். ஆனா அந்த அஞ்சு இடத்துல ஓட்டை இல்லையே. மண்டை எவ்வளவு நீளம்னு அளந்தோம். ஓட்டைய யாரும் அளக்கலையே.”

டாக்டர் தலையைத் தூக்கினார். “போய்ப் பாருங்க” என்றார்.

மெஷின்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தாள். ஓட்டையைப் பெரிதாக்கிச் சுற்றிலும் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு ஓரத்தில், உள்நோக்கி நீட்டிக்கொண்டு, நெல்லளவுக்கு ஒரு கூர்முனை நின்றது. ஸ்கேனின் மூல வெட்டுகளைப் பார்த்தார்கள். அடுத்தடுத்த நான்கு வெட்டுகளில் அதே இடத்தில் அதே முனை. எலும்பேதான், கணினியின் கற்பனை இல்லை. நீதிமன்றத்துக்குப் போகும்முன் எடுத்த பிரதியின் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்தார்கள். அதில் ஓரம் வழுவழுவென்று இருந்தது.

பெரிய டாக்டரும் வந்து குனிந்து பார்த்தார். “அந்தச் சுத்தி உள்ள போயிருந்தா இந்த முனை முறிஞ்சிருக்கணுமே. இது நிக்குதுன்னா, போனது வேற ஏதோ. இதைவிடக் குறுகலா, ஒரு பக்கம் தட்டையா...” என்று சொல்லிக்கொண்டே போனவர் பாதியில் நிறுத்தினார். “பிரதியில எங்கே போச்சு இந்த முனை?”

அதுதானே கேள்வி. அரை மில்லிக்கு விடை உடனே கிடைத்துவிட்டது. அந்தப் படத்தை எடுத்தது வழக்கை விசாரித்த போலீஸ் ஆய்வாளரின் அலுவலகம். பிரதி இருந்த பெட்டி நீதிமன்றம் போகும்முன் இரண்டு நாள் அவரிடம்தான் இருந்தது. அதற்கும் ஒரு வாரம் முன்னால், “சுத்தி உட்காருதான்னு ஒரு தடவை வெச்சுப் பாத்துக்கட்டுமாம்மா?” என்று அவர் கேட்டதும், இவள் முடியாது என்றதும், அவர் சிரித்துக்கொண்டே போனதும் வரிசையாக நினைவுக்கு வந்தன. அந்தச் சிரிப்பு அன்றைக்கே பிடிக்கவில்லை.

மதியம் ஆய்வாளரின் அலுவலகத்துக்கே போனாள். அவர் சின்னக் கத்தியால் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். அந்தக் கத்தியைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் உறுதியாகிவிட்டது.

“பெட்டி உங்ககிட்ட இருந்தப்போ யாராவது திறந்தாங்களா சார்?”

“படம் எடுக்க என் முன்னாடி ஒரு தடவை திறந்தோம். கையுறை போட்டு. திரும்ப சீல் வெச்சாச்சு.” கத்தியை மடக்கினார். “என்னம்மா, என்னையே விசாரிக்கிறீங்களா?”

“கேட்டு வெச்சுக்கறேன் சார்.”

“கேட்டு வெச்சுக்கங்க. என் கேஸ்ல சுத்தி பொருந்தினது சிலருக்குப் பொறுக்கல போலிருக்கு.”

சந்தேகப்பட்டவளைச் சந்தேகப்படுகிறாராம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடத்துக்குத் திரும்பி நான்கு பக்கம் புகார் எழுதினாள். எந்தத் தேதியில் யார் கையில் பெட்டி, எத்தனை மணி நேரம், கத்தி எத்தனை அங்குலம், எதையும் விடவில்லை. கூடவே காட்டுவதற்கு அதே கோப்பிலிருந்து இன்னொரு பிரதி அச்சடிக்கச் சொன்னாள். அடுத்த நாள் மாலை நான்கு மணிக்கு அது வந்தது. கழுவினாள், முட்டுகளை வெட்டினாள். ஓட்டை ஓரத்தில் முனை அப்படியே நின்றது. அளந்தாள்: இரண்டு புள்ளி எட்டு மில்லிமீட்டர். பிடித்துவிட்டோம் ஆளை என்று மனம் குதித்தது.

அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டாமா? போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அவர் வண்டியைப் பணிமனையில் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“ஏங்க, நான் சொன்னேன்ல, அந்தாளுதான். பெட்டியத் திறந்து முனையத் தேச்சு எடுத்திருக்காரு.”

“அவரு எதுக்கு அதையெல்லாம் பண்ணப் போறாரு?”

“கேஸ் ஜெயிக்கணும்ல? நல்லா வழுவழுன்னு, நெருடாம தேச்சிருக்காரு. தொழில் தெரிஞ்சவன் மாதிரி.”

“போலீஸ்காரருக்கு எப்படித் தெரியும் அந்தத் தொழில்? எதால தேச்சிருப்பாரு?”

“உப்புத்தாளாலதான். வேற எதால...”

சொல்லிக்கொண்டே குனிந்து பார்த்தாள். மடியில் வெள்ளைத் தூள் விழுந்திருந்தது. இடது கையில் மண்டையோடு, வலது கையில் உப்புத்தாள். இடது கட்டைவிரல் ஓட்டையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது. ஓரம் வழுவழுவென்று இருந்தது. முனை இல்லை.

“ஹலோ? இருக்கியா? என்ன ஆச்சு?” என்று போன் கேட்டுக்கொண்டே இருந்தது.

எப்போது எடுத்தோம் உப்புத்தாளை என்று யோசித்தாள். நினைவே இல்லை. மூச்சு விடுவதை யாராவது நினைவு வைத்திருப்பார்களா? இருபத்திரண்டு வருடம் ஈறில் குத்தும் முனைகளைத் தேடித் தேடித் தேய்த்த விரல் அது. அதற்கு முட்டின் மிச்சமும் தெரியாது, எலும்பும் தெரியாது. குத்தியது, தேய்த்துவிட்டது. கேட்காமலே.

அறையில் வேறு யாரும் இல்லை. மெஷின்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். மடியை உதறிவிட்டு எழுந்தால் ஒரு மனிதருக்கும் தெரியாது. மேசையில் நான்கு பக்கப் புகார் தயாராக இருந்தது. அதை அனுப்பிவிட்டால் பழி பென்சில் சீவுகிறவர் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். இன்னொரு பிரதியை ஜாக்கிரதையாக எடுத்துக் காட்டினால் தச்சரும் பிழைப்பார், இவளும் பிழைப்பாள். இந்த யோசனை வந்ததை அவள் பிறகு யாரிடமும் மறைக்கவில்லை. வந்தது, கொஞ்ச நேரம் இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் எட்டு நிமிடம். பிறகு அந்தத் தூளை ஒரு காகிதத்தில் கூட்டி, மடித்து, மேலே தேதி எழுதினாள். நான்கு பக்கத்தையும் கிழித்தாள்.

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

“வேலை போயிடுமா?” என்றார் வீட்டுக்காரர்.

“போகலாம்.”

“நீ யாரையும் விட்டுவெச்சது கிடையாது. என் கண்ணாடியக்கூட நம்பல. உன்ன மட்டும் எப்படி விட்ட?”

அவர் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். அதனால்தான் அவளுக்கு அழுகை வந்தது.

மூன்றாவது பிரதியை மெஷின்காரர் சுத்தம் செய்தார். அரை மில்லி எதிரே உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, எது முட்டு, எது எலும்பு என்று கணினித் திரையைப் பார்த்து வாயால் மட்டும் சொன்னாள். “அக்கா, கைய எடுங்க, பார்க்கவே பயமா இருக்கு” என்றார் அவர். அவள் எடுக்கவில்லை. பெரிய டாக்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு நீண்ட நேரம் நெற்றியைத் தேய்த்தார். பிறகு நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்.

அடுத்த வாய்தாவில் அவள் மறுபடி சாட்சிக் கூண்டில் ஏறினாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். அரசு வக்கீல் எழுந்தார். போன தடவை அவளை ‘அனுபவம் மிக்க நிபுணர்’ என்று புகழ்ந்த அதே மனிதர்.

“போன மாசம் சரின்னு கையெழுத்துப் போட்டீங்க. இப்ப தப்புங்கறீங்க. நடுவுல உங்களை யார் வந்து பாத்தாங்க? அந்தம்மா உங்க வீட்டுக்கு வந்தாங்களா?” என்று தச்சரின் மனைவியைக் காட்டினார்.

“யாரும் வரலைங்க ஐயா.”

“வேணும்னேதான் முதல் பிரதியக் கெடுத்தீங்களா?”

“வேணும்னே செஞ்சிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்குமே. தெரியாம செஞ்சதுதான் இங்கே வந்து நிக்குது.”

“நீங்கதான் தேச்சீங்கன்னு என்ன நிச்சயம்? வேற யாராவது தேச்சிருந்தா?”

“நானும் அப்படித்தான் ஐயா ஆசைப்பட்டேன்.” முதல் பிரதியை ஒரு பூதக்கண்ணாடியோடு நீதிபதியிடம் கொடுக்கச் சொன்னாள். “அந்த ஓரத்துல கீறல் தெரியும். எல்லாம் உள்ளேயிருந்து வெளியே போகும். பல்செட்டை அப்படித்தான் தேய்ப்போம், ஈறு பக்கத்துலேர்ந்து உதட்டுப் பக்கம். கீறலுக்கு மேல வார்னிஷ் இருக்கு. வார்னிஷ் பூசினது நான். அதுக்கப்புறம்தான் பெட்டி வெளியே போச்சு. ஆய்வாளர் கையில இருந்தப்போ தேச்சிருந்தா வார்னிஷ் போயிருக்கும்.”

நீதிபதி கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தார்.

அரசு வக்கீல் விடவில்லை. “சரி, இந்தப் புதுப் பிரதியில ஒரு முனை இருக்கு. அதை நீங்க ஒட்டவெச்சு எடுத்துட்டு வந்திருக்க மாட்டீங்கன்னு நாங்க எப்படி நம்புறது?”

“எனக்கு ஒட்டத் தெரியாதுங்க ஐயா. எடுக்கத்தான் தெரியும்.” யாரோ பின்னால் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “என்னை நம்பாதீங்கன்னு சொல்லத்தான் வந்திருக்கேன். ஸ்கேன் இருக்கு. எங்களுக்குச் சம்பந்தமில்லாத வேற கூடத்துல குடுங்க. அவங்க அச்சடிக்கட்டும், அவங்க அளக்கட்டும். மண்டைய இல்ல, ஓட்டைய.”

பெட்டியின் சீலை உடைத்து மூன்றாவது பிரதியை எடுத்தது நீதிமன்ற எழுத்தர். அவளைத் தொடச் சொன்னபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். எழுத்தர் சுத்தியலை ஓட்டையில் வைத்தார். முனையில் இடித்து நின்றது. சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். போகவில்லை.

வேறொரு கூடத்தின் பிரதி வரும்வரை சுத்தியல் பொருத்தத்தைச் சாட்சியாகக் கொள்ள முடியாது என்று நீதிபதி சொன்னார். வழக்கு தள்ளுபடி ஆகவில்லை. தச்சரை மறுபடி சிறைக்கு அழைத்துக்கொண்டுதான் போனார்கள். போகும்போது அவர் ஒரு தடவை திரும்பிச் சுத்தியலைப் பார்த்தார். இந்தத் தடவை அது அவருடைய சுத்தியலாகத் தெரிந்திருக்கும்.

வராந்தாவில் அவர் மனைவி ஓடிவந்து இவள் கையைப் பிடித்தாள். “அம்மா, நீங்க நல்லா இருக்கணும்...”

அரை மில்லி கையை உருவிக்கொண்டாள். “நன்றி சொல்லாதீங்கம்மா. உங்க வீட்டுக்காரர் செஞ்சாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அந்தச் சுத்தி உள்ள போகாதுங்கறது ஒண்ணுதான் தெரியும். போகுதுன்னு காட்டினது நான்.” அந்தப் பெண் புரிந்தும் புரியாமலும் தலையாட்டிவிட்டுப் போனாள்.

படிக்கட்டின் கீழே ஆய்வாளர் நின்றிருந்தார். தாண்டிப் போய்விடலாம் என்று பார்த்தாள், அவர் விடவில்லை.

“நான்தான் தேச்சேன்னு நெனச்சீங்க, இல்ல?”

“நெனச்சேன் சார். நாலு பக்கம் எழுதியும் வெச்சேன். உங்க பென்சில் கத்திகூட அதுல இருந்துச்சு. மன்னிச்சுக்கங்க.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. முகம் வெளுத்திருந்தது.

“மூணு வருஷம் முன்னாடி, அந்த இரும்புக் கம்பி கேஸ். காயத்துல கம்பி சரியா உட்கார்ந்துச்சு. நான்தான் ஆளைப் பிடிச்சேன். அதுக்காகப் பாராட்டுகூட வாங்கினேன். அந்தாளு இன்னும் உள்ளதான் இருக்காரு.” சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். “அந்த மண்டையோட்டைச் சுத்தம் பண்ணினது யாரும்மா?”

அவள் பதிவேட்டைப் பார்க்கப் போக வேண்டிய தேவை இருக்கவில்லை. தூளை மடித்து வைத்த அன்று மாலையே பார்த்துவிட்டாள். இதுவரை நாற்பத்தொரு பிரதி. அதில் காயம் இருந்தது பதினாலு. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதே கையெழுத்து.

“நான்தான் சார்” என்றாள். “அது மட்டும் இல்ல. பதினாலு இருக்கு. எழுதிக்கங்க, ஒவ்வொண்ணா சொல்றேன்.”

அவர் நோட்டைத் திறந்து பென்சிலை எடுத்தார். அவள் வழக்கு எண்களைச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். ஒன்றுகூடத் தவறாமல் எழுதுகிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள். கட்டைவிரலை மட்டும் உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற நான்கு விரலால் இறுக்கிப் பிடித்திருந்தாள்.